ஐந்தாவது காயில்

வேலைக்குப் போகும் பெண்கள் தங்கியிருந்த அந்த விடுதியில் அவளை எல்லோரும் கரண்ட் அக்கா என்றுதான் கூப்பிட்டார்கள். கூப்பிட்டார்கள் என்பதைவிடக் கத்தினார்கள் என்றால் பொருத்தமாக இருக்கும். காலையில் விடுதி பரபரத்துக்கொண்டிருக்கும் நேரத்தில் ஏதாவது ஒரு குளியலறைக்குள்ளிருந்து முதல் கத்தல் வரும். அடுத்து நாலைந்து கதவுகள் திறக்கும். பிறகு இரண்டாவது மாடி முழுக்க ஒரே குரலாக, "கரண்ட் அக்கா!"

மாடிப்படிக்கு அடியில் கிடந்த முக்காலியில் உட்கார்ந்து, அப்போதுதான் டம்ளரில் டீயை ஊற்றியிருப்பாள். அதன்மேல் ஒரு தட்டைக் கவிழ்த்துவிட்டு எழுந்திருப்பாள். இடது முழங்காலை ஒரு தடவை நீவிவிட்டு, "வா, போகலாம்" என்று அதனிடம் சொல்லிக்கொண்டே கைப்பிடியைப் பற்றி ஏறுவாள்.

இரண்டாவது மாடியின் கோடியில், பூட்டிய மர அலமாரிக்குள் அந்த மாடியின் போர்டு இருந்தது. சாவி அவளிடம் மட்டும்தான். திறந்து பார்த்தால், மின்சுமை கூடினால் தானாக அணைந்துவிடும் பிரேக்கர் சுவிட்ச் கீழே விழுந்து கிடக்கும். அதை உடனே தூக்கிவிட மாட்டாள். வராந்தாவைப் பார்த்துக் குரல் கொடுப்பாள்.

"எல்லாரும் அதை அணைச்சாச்சா?"

"எதை அக்கா?" என்று பத்து அறைகளும் ஒன்றும் தெரியாததுபோலக் கேட்கும்.

"எதையோ, அதைத்தான்."

டக், டக்கென்று அங்கங்கே சுவிட்சுகள் அணையும் சத்தம் கேட்கும். அதற்கப்புறம்தான் பிரேக்கரை மேலே தள்ளுவாள். விசிறிகள் சுற்றத் தொடங்கும். அவள் கீழே இறங்கி வந்து தட்டை எடுத்துப் பார்த்தால் டீ ஆறிப்போய் ஆடை படிந்திருக்கும். அதைக் குடித்து முடிப்பதற்குள் மேலே மறுபடியும் யாராவது கத்துவார்கள்.

அந்த 'அது', வாளித் தண்ணீரைச் சூடாக்கும் காயில். விடுதியில் அதற்குத் தடை. கீழ்த்தளத்தில் ஒரு பொது வெந்நீர்த் தொட்டி இருந்தது. முதலில் எழுந்தவர்கள் குளித்து முடித்தாலே அது காலி. பிந்தி எழுந்தவர்கள் பச்சைத் தண்ணீரில் நடுங்க வேண்டியதுதான். எத்தனை நாள் நடுங்குவார்கள்? கட்டிலுக்கடியில், துணிப்பெட்டியில், பழைய கைப்பைக்குள் என்று ஆளுக்கொன்று ஒளித்து வைத்திருந்தார்கள். கரண்ட் அக்காவுக்கு இது தெரியும். அவளுக்குத் தெரியும் என்பது அவர்களுக்கும் தெரியும். அது பற்றி யாரும் வாய் திறப்பதில்லை.

அவள் இந்தத் தொழிலுக்கு வந்ததே ஒரு விபத்து மாதிரிதான். பள்ளிப் படிப்பு முடிந்ததும் தையல் கற்றுக்கொள்ளத்தான் தொழிற்பயிற்சி நிலையத்துக்குப் போனாள். தையலில் இடம் நிரம்பிவிட்டது. அங்கே உட்கார்ந்திருந்தவர், "எலக்ட்ரீஷியன்ல ஒரு இடம் இருக்கு, சேர்றியா?" என்று கேட்டார். வெறுங்கையோடு வீடு திரும்பினால் கல்யாணப் பேச்சை எடுப்பார்கள் என்று அவளுக்கு நிச்சயமாகத் தெரியும். சேர்ந்துவிட்டாள்.

முதல் வாரமே ஆசிரியர் மூன்று பல்புகளை ஒன்றன்பின் ஒன்றாக ஒரே வயரில் கோத்துக் காட்டினார். மூன்றும் மங்கலாக, உயிர் போகிற மாதிரி எரிந்தன. ஒன்றைக் கழற்றினார், மற்ற இரண்டும் அணைந்தன. இது தொடர் இணைப்பு என்றார். பிறகு அதே பல்புகளைப் பக்கம் பக்கமாக, ஒவ்வொன்றுக்கும் தனித்தனிப் பாதை கொடுத்து மாட்டினார். மூன்றும் பளிச்சென்று முழு வெளிச்சத்தில் எரிந்தன. ஒன்றைக் கழற்றினால் மற்றவற்றுக்கு அது தெரியவே இல்லை. இது பக்க இணைப்பு, உங்கள் வீட்டில் இருப்பது இதுதான் என்றார்.

அவளுக்கு அன்றைக்கு அது மாயம் போல இருந்தது. ஒருவருக்குக் கொடுத்ததைக் குறைக்காமலே இன்னொருவருக்கும் முழுசாகக் கொடுக்க முடியுமா? அந்தச் சந்தோஷத்தில், ஒவ்வொரு பல்பு சேரும்போதும் மேசைமேல் இருந்த மீட்டரின் முள் இன்னும் கொஞ்சம் ஏறியதை அவள் சரியாகக் கவனிக்கவில்லை. ஆசிரியர் சுட்டிக்காட்டியபோது நோட்டில் எழுதிக்கொண்டாள், அவ்வளவுதான். அந்த முள்தான் பின்னாளில் தன் உயிரை வாங்கப்போகிறது என்று யார் கண்டது?

படித்து முடித்துப் பல வருடம் மோட்டாருக்குக் காயில் சுற்றும் பட்டறையில் வேலை பார்த்தாள். பட்டறையை மூடியபோது கையில் தழும்பும் முழங்காலில் வலியும் மிச்சம். விடுதியில் பெண் எலக்ட்ரீஷியன் தேடுகிறார்கள் என்று கேள்விப்பட்டு வந்தாள். ஆண் ஆள் வந்தால் ஒவ்வொரு தடவையும் வார்டன் முன்னால் போய், "ஆம்பள வர்றாரு, ஆம்பள வர்றாரு" என்று கைதட்டிக்கொண்டே நடக்க வேண்டியிருந்ததாம். வார்டனுக்கு அது அலுத்துப்போய்விட்டது. "பட்டறையிலயும் காயில், இங்கயும் காயில். என் தலையில அதைத்தான் சுத்தியிருக்கு" என்று கரண்ட் அக்கா கணவரிடம் சொல்வாள். அவர் பள்ளி வேன் ஓட்டுபவர். சாயங்காலம் இருவரும் களைத்து வந்து, யார் முதலில் எழுந்து அடுப்பைப் பற்றவைப்பது என்று ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார்கள். ஒரே மகள் வேறு ஊரில், ஒரு விடுதியில் தங்கிப் படித்துக்கொண்டிருந்தாள்.

விடுதியில் எட்டாம் எண் அறையில் ஒரு நர்ஸ் இருந்தாள். இரவுப் பணி முடிந்து அவள் வரும்போது மற்றவர்கள் எல்லோரும் வேலைக்குக் கிளம்பிப் போயிருப்பார்கள். தொட்டியில் ஒரு சொட்டு வெந்நீர் இருக்காது. ஒருநாள் அவளுடைய அறைக் கதவிடுக்கில் ஆவி வருவதை வார்டன் பார்த்துவிட்டார். கையும் களவுமாகப் பிடிபட்டாள். காயில் பறிமுதல்.

"தினமும் மாடியே இருண்டு போறது உன்னாலதானா?" என்று வார்டன் வராந்தாவில் வைத்தே சத்தம் போட்டார்.

நர்ஸ் கதவில் சாய்ந்துகொண்டாள். நின்றபடியே தூங்கிவிடுவாள் போல இருந்தாள். வார்டன் போனதும் கரண்ட் அக்காவிடம் வந்து கேட்டாள்.

"நிஜமாவே என்னோடதாலதான் போகுதா அக்கா?"

"இல்லம்மா. நீ போடற நேரத்துல மாடியே காலி. உன்னோடது மட்டும் ஓடினா வயருக்கு உறைக்கவே உறைக்காது."

"அப்புறம் எதனால?"

"இந்த மாடிக்கே ஒரே ஒரு வயர்தான், மேல சீலிங் ஓரமாப் போகுது பாரு. அதுலருந்து ஒவ்வொரு ரூமுக்கும் கிளை. ஒரு காயில் நாலு ஆம்பியருக்கு மேல இழுக்கும். ரூமுக்குள்ள போற கிளைக்கு அது பெரிய விஷயமில்ல. ஆனா எல்லாருக்கும் போறது இந்தத் தாய் வயர் வழியாத்தானே? எத்தனை காயிலோ, அத்தனை பங்கும் இது தலைமேலதான். நாலு வரைக்கும் தாங்கும். அஞ்சாவது விழுந்தா பிரேக்கர் கொஞ்ச நேரம் பல்லைக் கடிச்சுக்கிட்டுப் பொறுத்துப் பாக்கும். ஆறாவதும் சேர்ந்தா விழுந்துடும்."

"அப்போ அந்த அஞ்சாவது யாரோடது?"

கரண்ட் அக்காவுக்குச் சிரிப்பு வந்தது. "அதான் யாருக்கும் தெரியாது. ஒவ்வொருத்தரும் என்னோடது ஒண்ணே ஒண்ணுதானேன்னு சொல்வாங்க. பொய்யும் இல்ல."

வார்டன் விடுவதாக இல்லை. கெட்ட மனுஷி அல்ல. அவருக்கும் வயதாகிவிட்டது, விடுதியின் அத்தனை புகாரும் அவர் வாசலுக்குத்தான் வந்தது. மறுநாள் படிக்கட்டடியில் வந்து நின்றார்.

"ஏம்மா, வயரைக் கவ்விப் பிடிக்கிற மாதிரி ஒரு மீட்டர் வச்சிருக்கியே, அதை வச்சு எந்தெந்த ரூம்ல காயில் ஓடுதுன்னு சொல்லிட முடியாதா?"

முடியும். ஏணியை வைத்து ஏறி, ஒவ்வொரு அறைக்கும் பிரியும் பெட்டியைத் திறந்து கிளை வயரில் மீட்டரைக் கவ்வவிட்டால் போதும்; உள்ளே என்ன ஓடுகிறது என்று சொல்லிவிடும். ஆனால் கரண்ட் அக்கா, "எல்லாம் ஒரே வயர்ல தொங்குது மேடம், தனித்தனியாக் கண்டுபிடிக்கிறது கஷ்டம்" என்று மழுப்பிவிட்டாள். காட்டிக்கொடுக்க மனசு வரவில்லை என்பது ஒரு காரணம். ஏணியில் பத்துத் தடவை ஏறி இறங்க முழங்கால் இடம் கொடுக்காது என்பது இன்னொரு காரணம். எது பெரிய காரணம் என்று அவளைக் கேட்டால் அவளாலேயே சொல்லியிருக்க முடியாது.

அந்த வாரமே விடுதி ஓனர் ஒரு புதுப் பிரேக்கரை வாங்கி அனுப்பிவிட்டார். பழையதைப்போல இரண்டு மடங்கு தாங்கக்கூடியது. "இதை மாட்டினா விழாதாமே, கடைக்காரர் சொன்னாராம்" என்று வார்டன் அதை அவள் கையில் கொடுத்தார்.

"விழாதுதான் மேடம். ஆனா வயர் பழைய வயர்தானே? பிரேக்கர் விழறதே வயரைக் காப்பாத்தத்தான். அதைப் பெரிசாக்கினா வயர் வேகும்."

"ஓனர்கிட்ட நீயே சொல்லும்மா" என்றார் வார்டன்.

அவள் சொன்னாள். ஓனர் போனில், சரி பார்க்கலாம், வயரை அப்புறம் மாற்றிக்கொள்ளலாம், முதலில் இதை மாட்டு என்றார். அவள் மாட்டவில்லை. பிரேக்கரைக் கருவிப் பையின் அடியில் போட்டுவைத்தாள்.

அதற்கப்புறம் குளிர் இறங்கியது. இரண்டாவது மாடி ஒரே காலையில் இரண்டு தடவை, மூன்று தடவை என்று விழ ஆரம்பித்தது. அப்படி ஒருநாள் மூன்று தடவை ஏறி இறங்கி, வந்து முக்காலியில் உட்கார்ந்தாள். முழங்கால் பந்துபோல வீங்கியிருந்தது. மேலே யாரோ, "இந்தக் கரண்ட் அக்கா எங்கதான் போய்த் தொலைஞ்சாங்க?" என்று கத்தினது தெளிவாகக் காதில் விழுந்தது.

அவள் எழுந்தாள். பையின் அடியில் கையை விட்டுத் துழாவினாள். நாலாவது தடவையாக ஏறிப்போய், மாடியின் மெயினை அணைத்து, பழைய பிரேக்கரைக் கழற்றிவிட்டுப் புதியதை மாட்டினாள். திருகை முறுக்கும்போது கை தயங்கவில்லை. அவளுக்குள் தயங்குவதற்குத் தெம்பு எங்கே இருந்தது?

அன்றிலிருந்து விடுதி அமைதியாகிவிட்டது. காலையில் ஒரு கத்தல் கிடையாது. சூடான டீயைச் சூடாகவே குடித்தாள். படிக்கட்டில் இறங்கிப் போகும் பெண்கள், "சூப்பர் அக்கா" என்று சொல்லிவிட்டுப் போனார்கள். ஒருத்தி பிஸ்கட் பாக்கெட் ஒன்றைக்கூட மடியில் வைத்துவிட்டுப் போனாள். வயரைத் தொட்டுப் பார்க்க வேண்டும் என்று தினமும் நினைப்பாள். சரி, நாளைக்குப் பார்க்கலாம் என்று தினமும் விடுவாள். முழங்கால் வீக்கம் மெல்ல வடிந்தது.

ஒரு சாயங்காலம் மகள் போன் செய்தாள். சாப்பாடு, பாடம், துணி துவைக்கிற பிரச்சினை என்று எல்லாம் பேசிவிட்டு, "எங்க ஹாஸ்டல்ல இப்பல்லாம் கரண்ட் போறதில்லம்மா" என்றாள் சந்தோஷமாக.

"முன்னாடி போய்க்கிட்டிருந்துச்சா?"

"காலையில தினமும் போகும்."

கரண்ட் அக்கா போனை இன்னொரு காதுக்கு மாற்றினாள். "நீ காயில் வச்சிருக்கியா?"

மகள் அங்கே வேறு யாரிடமோ பேசுவதுபோலப் பாசாங்கு செய்தாள்.

"உன்னத்தான்டி கேக்கறேன்."

"எல்லாரும் வச்சிருக்காங்கம்மா. என்னோடது சின்னதுதான்."

அவளுக்குக் கோபம் வரவில்லை. வாய் தானாக வேறு ஏதோ சொல்லிக்கொண்டு போனது. "தண்ணிக்குள்ள வச்சிட்டுத்தான் சுவிட்ச் போடணும். அணைச்சிட்டுத்தான் எடுக்கணும். சூடாச்சான்னு பாக்கக் கையை உள்ள விடக்கூடாது. கேக்குதா?"

"தெரியும்மா. நான் உன் பொண்ணு."

"அது இருக்கட்டும். இப்ப எப்படி நின்னுச்சு, கரண்ட் போறது?"

"எலக்ட்ரீஷியன் அண்ணன் வந்து போர்டுல ஏதோ புதுசா மாட்டினார். அதுலருந்து போகவே இல்ல. ஜாலியா இருக்கு."

அந்த எலக்ட்ரீஷியனை அவள் பார்த்ததில்லை. ஆனால் அவன் முகம் எப்படி இருக்கும் என்று தெரிந்தது. ஏணியைத் தோளில் போட்டுக்கொண்டு, கீழே யாரோ கத்த, போதும்டா சாமி என்று திருகை முறுக்குகிற ஒரு முகம்.

"நீ முதல்ல அந்தக் காயிலைப் பிடுங்கி வை. நாளைக்குக் காலையில உங்க வார்டன்கிட்டப் போயி, எங்கம்மா எலக்ட்ரீஷியன், அந்த வயரைப் பாக்கச் சொன்னாங்கன்னு சொல்லு. மாட்டேன்னா நானே போன் பண்றேன்."

கணவர் சாப்பிட்டுக்கொண்டே கேட்டார், "யார் வீட்டு வயரு?"

"நம்ம வீட்டுதுதான்" என்றாள். அவருக்குப் புரியவில்லை. அவளும் விளக்கவில்லை.

மறுநாள் காலை, எல்லோரும் குளிக்கும் நேரமாகப் பார்த்து ஏணியோடு இரண்டாவது மாடிக்குப் போனாள். சீலிங் ஓரமாகப் போன பைப்பில் புறங்கையை வைத்தாள். சுட்டது. போர்டுக்குப் பக்கத்துப் பெட்டியிலிருந்து கருகின பிளாஸ்டிக் வாடை லேசாக வந்தது. கீழே போவோர் வருவோரின் சோப்பு வாசனையில் அது யாருக்கும் தெரிந்திருக்காது. இறங்கி, போர்டிலிருந்து கிளம்பும் தாய் வயரில் மீட்டரைக் கவ்வவிட்டாள். வயர் சுமக்கக்கூடியதுபோல ஒன்றரை மடங்குக்கும் மேலே காட்டியது.

உடனே மாடியின் மெயினையே அணைத்தாள். கத்தல் எழுந்தது. அவள் காதில் போட்டுக்கொள்ளவில்லை. மறுபடி ஏறிப் பெட்டியைத் திறந்தாள். வயர்மேல் இருந்த சிவப்பு உறை பழுப்பாகி, விரல் பட்டதும் பொருக்குப் பொருக்காக உதிர்ந்தது. உள்ளே செம்பு வெறுமையாகத் தெரிந்தது. ஏணியிலேயே சற்று நேரம் உட்கார்ந்திருந்தாள்.

வார்டன் மூச்சிரைக்க வந்தார். "என்னாச்சும்மா?"

"நல்லவேளை, ஒண்ணும் ஆகல. இன்னும் கொஞ்ச நாள் விட்டிருந்தா பத்திக்கிட்டிருக்கும். அந்தப் பெரிய பிரேக்கரை மாட்டினது நான்தான் மேடம். மாட்டக்கூடாதுன்னு தெரிஞ்சே மாட்டினேன்."

"ஓனர் சொல்லித்தானே மாட்டின?"

"அவர் சொன்னாரு. திருகினது என் கை. புது வயர் போடற வரைக்கும் இந்த மாடிக்குக் கரண்ட் குடுக்க மாட்டேன்."

வார்டன் அந்த உதிர்ந்த பொருக்கைக் கையில் வாங்கிப் பார்த்தார். நேராகக் கீழே போய் ஓனருக்குப் போன் செய்தார். அவர் இவ்வளவு சத்தமாகப் பேசி யாரும் அதுவரை கேட்டதில்லை. மத்தியானத்துக்குள் வயர் சுருள்கள் வந்து இறங்கின.

அவள் யோசித்து வைத்திருந்த ஏற்பாடு இதுதான். கீழிருந்து மாடி போர்டுக்கு வரும் கேபிள் தடிமனானது, அதில் குறையில்லை. போர்டிலிருந்து போகும் ஒற்றை வயருக்குப் பதிலாக மூன்று வயர், ஒவ்வொன்றுக்கும் அதனதன் அளவுக்கேற்ற பிரேக்கர். பத்து அறைகளும் மூன்றாகப் பிரிந்துவிடும். அது போக, வராந்தா முனையில் உடைந்த நாற்காலி போட்டு வைத்திருந்த அறைக்குத் தடிமனான தனி வயர். அங்கே மூன்று சுவிட்சுகள், மூன்று வாளிகள். காயில் போடுகிறவர்கள் அங்கே வந்து போடட்டும்.

தனியாக இழுக்க முடியாது. கணவர் வேன் வேலையை முடித்துவிட்டு வந்தார். வாசலில் தயங்கி நின்றார்.

"நான் இங்கயே நின்னு வயரை மேல விடறேனே. எதுக்கு வம்பு?"

வார்டன் பெருமூச்சு விட்டு, புடவைத் தலைப்பைச் செருகிக்கொண்டு முன்னால் நடந்தார். "ஆம்பள வர்றாரு! ஆம்பள வர்றாரு!" அவர் பின்னால் கணவர் தலையைக் குனிந்துகொண்டு, தரையைத் தவிர வேறெதையும் பார்க்காமல், சுருளைச் சுமந்து போனார். கதவுகள் மூடின; மூடின கதவுகளுக்குப் பின்னாலிருந்து சிரிப்புச் சத்தம் வந்தது.

வேலை முடிய மறுநாள் சாயங்காலம் ஆகிவிட்டது. அதுவரை இரண்டாவது மாடிப் பெண்கள் டார்ச்சு வெளிச்சத்தில் முகம் பார்த்துத் தலை சீவினார்கள். விசிறியும் இல்லை, போன் சார்ஜும் இல்லை. பிஸ்கட் கொடுத்தவள் அவளைப் பார்த்து முகத்தைத் திருப்பிக்கொண்டாள். நர்ஸ் மட்டும், தூக்கத்தை விட்டுவிட்டு, ஏணியின் காலைப் பிடித்துக்கொண்டு சுவரில் சாய்ந்து நின்றாள். இரண்டு தடவை நின்றவாக்கில் கண்ணயர்ந்தாள். "போய்ப் படும்மா" என்றாள் கரண்ட் அக்கா. "இதுவும் படுக்கை மாதிரிதான் அக்கா" என்றாள் அவள்.

புது ஏற்பாட்டில் எல்லோருக்கும் திருப்தி என்று சொல்ல முடியாது. முனை அறையில் வரிசை நின்றது. யார் வாளி முதலில் என்று சண்டை வந்தது. இரண்டு பேர் இன்னும் தங்கள் அறையிலேயே ஒளித்துப் போடுகிறார்கள் என்று அவளுக்குச் சந்தேகம். போடட்டும், ஒரு வயரில் மூன்று, நான்கு அறைகள்தான், அது தாங்கும். வார்டன் பறிமுதல் செய்த காயிலை நர்ஸிடம் திருப்பிக் கொடுத்துவிட்டார். எல்லோரும் போனபிறகு வரும் அவளுக்கு வரிசையே இல்லை. மூன்று சுவிட்சும் அவளுக்கே.

மகளின் விடுதியில் வயரைப் பார்த்தார்களாம். காயிலை எடுத்து அலமாரியில் வைத்துவிட்டதாக மகள் சொன்னாள். கரண்ட் அக்கா அதைப் பாதிதான் நம்பினாள்.

ஒரு வாரம் போயிருக்கும். காலையில் டீயை ஊற்றிக்கொண்டிருந்தபோது கத்தல் கேட்டது. இரண்டாவது மாடி இல்லை. அதற்கும் மேலே, மூன்றாவது மாடி. அங்கேயும் பழைய ஒற்றை வயர்தான், குளிர் அங்கேயும் காயில்களைக் கொண்டுவந்து சேர்த்திருந்தது. முழங்காலில் கை வைத்தபடி அவள் மேலே பார்த்தாள். வார்டனும் தன் அறை வாசலில் வந்து நின்று மேலே பார்த்தார்.

"ஓனர்கிட்ட நான் பேசறேன்" என்றார் வார்டன். "ஆனா இந்த வருஷம் நடக்காதும்மா. மனுஷன் இப்பவே என் போனை எடுக்க மாட்டேங்கறார்."

"சரி மேடம்."

"பெரிய பிரேக்கர் எதுவும்..."

"இல்ல மேடம். அந்தப் பேச்சே வேணாம். விழட்டும். விழுந்தா நான் ஏறிக்கறேன்."

வார்டன் உள்ளே போய் ஒரு பிளாஸ்டிக் நாற்காலியை இழுத்துக்கொண்டு வந்தார். "இதை மூணாவது மாடிப் போர்டுக்குப் பக்கத்துல போட்டுக்க. காலையில அங்கயே உக்காரு. ஏறி இறங்கறதாவது மிச்சமாகும்."

கரண்ட் அக்கா ஒரு கையில் நாற்காலியும் இன்னொரு கையில் டம்ளருமாகப் படியேறத் தொடங்கினாள். பாதி வழியில் நின்று, கைப்பிடிச் சுவரில் சாய்ந்துகொண்டு, டீயை அங்கேயே குடித்து முடித்தாள். அப்புறம் மிச்சப் படிகளை ஏறினாள்.